பத்திரிகைச் சான்றும் அடிக்குறிப்பும்

பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளின் யாழ்ப்பாண வரலாற்றை ஆராயப் புகுவோர்க்குப் பத்திரிகைகள் இன்றியமையாச் சான்றாதாரங்களாகும். 1841இல் அமெரிக்க மிசனரிமார் ஆதரவில் தோன்றிய உதயதாரகை, 1889இல் சைவபரிபாலன சபை தொடக்கிய இந்து சாதனம், 1930இல் நா. பொன்னையா நிறுவிய ஈழகேசரி என்பன அவற்றுட் சில. ஆயின், மாணவர் கட்டுரைகள் பலவற்றில் இவை “ஈழகேசரியில் வெளிவந்தவாறு” என்ற அளவிலேயே சுட்டப்படுகின்றன. இது வெறும் ஒழுங்குக் குறைபாடன்று. வரலாற்றையே பிறழச் செய்யும் வழுவாகும்.

முதலாவதாக, சான்றின் சார்பு அறியப்படல் வேண்டும். சமயம், கல்வி பற்றி உதயதாரகை கூறுவதும் இந்து சாதனம் கூறுவதும் ஒரே நோக்கின அல்ல. ஒரே இதழிலும் ஆசிரியத் தலையங்கம் வேறு; செய்தி வேறு; வாசகர் கடிதம் வேறு. கடிதமெழுதியவரின் கருத்தைப் பத்திரிகையின் கொள்கையாகக் காட்டுதல் முறையன்று. ஆகவே எழுதியவர் பெயர், தலைப்பு, பகுதி என்பனவும் குறிக்கப்படல் வேண்டும்.

இரண்டாவது, காலம். பழைய இதழ்கள் சில தமிழ் வருடப் பெயரையும் மாதத்தையும் தாங்கி வெளிவந்தன. “பிரபவ வருடம், தை” என்பதை நோக்குக. அறுபதாண்டு வட்டத்திலே பிரபவ 1867 சித்திரையிலும் 1927 சித்திரையிலும் பிறந்தது. எனவே அக்குறிப்பு 1868ஐயும் சுட்டலாம், 1928ஐயும் சுட்டலாம். எதுவெனத் துணிந்தபின்னும் 1927 என எழுதுவோர் தவறுவர். தை மாதம் அடுத்த ஆங்கில ஆண்டிலேயே வரும். இதழிலுள்ள திகதியை உள்ளவாறே தந்து, ஆங்கில ஆண்டை அடைப்புக்குறியுள் இடுதலே தக்கது.

மூன்றாவது, முதற் பிரசுரம். 1930களிலிருந்தே பத்திரிகைகளில் எழுதிய இலங்கையர்கோன் 1961இல் மறைந்தார். அவரது ‘வெள்ளிப் பாதசரம்’ தொகுதி 1962இலேயே வெளிவந்தது. தொகுதியின் ஆண்டை மாத்திரம் குறிப்பவர், ஈழத்துச் சிறுகதை முன்னோடி ஒருவரை அறுபதுகளின் எழுத்தாளராக்கி விடுவர்.

இவையனைத்துக்கும் மேலான காரணமொன்றுண்டு. 1981ஆம் ஆண்டு மே இறுதியிலும் யூன் முதல் நாட்களிலும் யாழ்ப்பாணப் பொது நூலகமும் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரியூட்டப்பட்டன. ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஏட்டுச்சுவடிகளும் பழைய பத்திரிகைகளும் அழிந்தன. மூலம் அழிந்தவிடத்து, அதனை முன்னர் கண்டவர் எழுதிவைத்த அடிக்குறிப்பே சாட்சியாக எஞ்சுகிறது. பெயர், திகதி, இதழ் எண், பக்கம் ஆகியன முறையாகத் தரப்பட்டிருப்பின் பிறிதொரு நூலகத்திலேனும் அதன் படியைத் தேடலாம். இல்லையேல் தேடுதற்கும் வழியில்லை.

2005 முதல் நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து இதழ்களை மின்வடிவிற் பேணி வருகின்றது. அங்கும் முறையான குறிப்பே இதழை இனங்காட்டும். பிறர் நூலிலிருந்து எடுத்ததை மூலத்திற் கண்டதுபோலக் காட்டாது, கண்டவிடத்தைக் கண்டவாறு கூறுவதே ஆய்வு நேர்மை. நமக்குப் பின் வருவோர்க்கு நாம் செய்யும் கடனும் அதுவேயாம்.