பக்கமும் பட்டியும்: இணையதள நிர்வாகம் கைமாறிய வரலாறு

டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வகத்தில் உருவாக்கிய வையவிரிவலை 1991-இல் வெளியுலகுக்கு அறிமுகமானபோது, இணையதளம் என்பது எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழியில் கையால் எழுதப்பட்ட தனித்தனிக் கோப்புகளின் தொகுதியாகவே இருந்தது. மெனு என்றும் பட்டி என்றும் வழங்கும் சுட்டிகளின் வரிசை ஒவ்வொரு கோப்பிலும் திரும்பத் திரும்ப இடம்பெற்றதால், ஐம்பது பக்கங்கள் கொண்ட தளத்தின் பட்டியில் ஒரு பெயரைச் சேர்க்க ஐம்பது கோப்புகளையும் திறந்து திருத்த வேண்டியிருந்தது. நெட்ஸ்கேப் உலாவியின் இரண்டாம் பதிப்பு கொண்டுவந்த சட்டகங்கள், திரையைப் பிரித்துப் பட்டியை ஒரு பகுதியில் நிலையாக நிறுத்தி இத்தொல்லையைக் குறைத்தன. எனினும் தேடுபொறி வழியே வந்தவர் பட்டியே இல்லாத உட்பக்கத்தில் திகைத்து நிற்க நேர்ந்தது. பின்னாளில் எச்.டி.எம்.எல். 5 சட்டகங்களை வழக்கொழிந்தவை என்று ஒதுக்கியது.

நிலையான தீர்வு வேறு திசையிலிருந்து வந்தது. எழுத்தைத் தரவுத்தளத்திலும், தோற்றத்தை வார்ப்புரு எனப்படும் பொது அச்சிலும் தனித்தனியே வைத்து, வாசகர் கேட்கும் கணத்தில் இரண்டையும் இணைத்துப் பக்கமாக்கித் தரும் மென்பொருளே உள்ளடக்க மேலாண்மை அமைப்பு. பி.எச்.பி. நிரல்மொழியும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளமும் 1990-களின் நடுவில் தோன்றிப் பரவிய பின் இது சிறு நிறுவனங்களுக்கும் எட்டியது. இத்தகைய அமைப்புகளுள், பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் மாணவராயிருந்த ட்ரீஸ் பாய்டார்ட்டின் ட்ரூபல் 2001-இலும், மாம்போ என்னும் அமைப்பிலிருந்து பிரிந்த ஜூம்லா 2005-இலும் வெளிவந்தன. ஜூம்லாவில் பட்டியின் உருப்படியே பக்கத்தின் முகவரியையும் அமைப்பையும் தீர்மானிக்கிறது. புதியவர்கள் முதலில் இடறுவதும் இங்கேதான்.

மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவர் 2003-இல் தொடங்கிய வேர்ட்பிரஸ், தேதி வரிசையில் அடுக்கப்படும் இடுகைகளுக்காகவே பிறந்ததால், 'எங்களைப் பற்றி' போன்ற தேதி சாராத பக்கங்களுக்கு அதில் தனியிடம் இருக்கவில்லை. 2005 பிப்ரவரியில் வந்த 1.5 பதிப்பு அக்குறையைத் தீர்த்தது. ஆனால் பட்டியோ பக்கங்களின் நிழலாகவே நீடித்தது. பக்கத்துக்கு இடும் வரிசை எண்ணும் அதன் தாய்ப்பக்கமும் பட்டியின் ஒழுங்கை முடிவுசெய்தன. வெளித்தளம் ஒன்றின் சுட்டியை இடையில் நுழைக்க வேண்டுமானால் வார்ப்புருவின் நிரலையே பெரும்பாலும் திருத்த வேண்டியிருந்தது. அதாவது, எழுதும் உரிமை அலுவலருக்கும், எது முன்னே நிற்கும் என்று முடிவுசெய்யும் உரிமை நிரலாளருக்கும் இருந்தன.

2010 ஜூனில் வந்த 3.0 பதிப்பு, வூதீம்ஸ் நிறுவனத்தின் நிரலை அடிப்படையாகக் கொண்டு, உருப்படிகளை இழுத்து அடுக்கத்தக்க தனித் திரையை அளித்தது. ஒவ்வொரு உருப்படியும் தரவுத்தளத்தில் தனிப்பதிவாகச் சேமிக்கப்படுவதால், அதனை நீக்கினாலும் பக்கம் அழிவதில்லை. பக்கத்தின் நீண்ட தலைப்புக்குப் பதிலாகப் பட்டியில் சுருக்கப் பெயரையும் வைக்கலாம். 2018-இல் 5.0 பதிப்புடன் வந்த, பத்தி, படம் போன்றவற்றைத் தனித்தனிக் கட்டங்களாக அடுக்கும் கட்டத் தொகுப்பியே பெரிதும் பேசப்பட்டாலும், அலுவலக நடைமுறையை ஆழமாக மாற்றியது இந்தச் சிறிய திரைதான். 2022 ஜனவரியில் வெளியான 5.9 பதிப்பு பட்டியையும் ஒரு கட்டமாக்கியது. ஆயினும் பழைய முறை வார்ப்புருக்களைப் பயன்படுத்தும் தளங்களில் 2010-இன் திரை இன்றும் புழக்கத்தில் உள்ளது.