பிறப்பும் தீட்சையும்: திருப்பதி வட்டாரத்தில் அர்ச்சக மரபு யாருக்கு இடம் தருகிறது?

திருமலையில் மூலவரைத் தீண்டிப் பூசை செய்யும் உரிமை பிராமணருக்கு உரியது என்று பலரும் நினைக்கிறார்கள். இது பாதி உண்மைதான். வைகானச குடியில் பிறந்த அர்ச்சகர் தவிர வேறு எந்தப் பிராமணருக்கும் அந்த உரிமை கிடையாது. கோயில் ஒழுங்கை மேற்பார்க்கும் பெரிய ஜீயருக்கும் கிடையாது. விகனச முனிவரின் சீடர்களான பிருகு, மரீசி, அத்திரி, காசியபர் வழிவந்த நூல்களே வைகானச மரபின் ஆதாரம். கருவிலேயே விஷ்ணு முத்திரை பெற்றுப் பிறப்பவன் என்பதால் வைகானசனுக்குத் தனியே தீட்சை வேண்டியதில்லை என்பது அவர்கள் கொள்கை. அர்ச்சகர் நியமனம் பற்றி 1972இல் உச்ச நீதிமன்றத்தில் நடந்த சேஷம்மாள் வழக்கில் தாக்கலான வைகானசப் பிரமாணப் பத்திரமும் இதையே கூறியது: மடாதிபதியானாலும் பிற மரபினர் தொட்டால் விக்கிரகம் தீட்டுப்படும். ஆகவே இங்குள்ள விலக்கைச் சாதி என்ற ஒற்றைச் சொல்லால் விளக்கிவிட முடியாது. வம்சமே அதன் அடிப்படை.

மலையடிவாரத்தில், திருப்பதியை ஒட்டிய திருச்சானூரில், பத்மாவதித் தாயாருக்குப் பாஞ்சராத்திர முறையில் பூசை நடக்கிறது. இந்த ஆகமத்தில் பூசைக்கு வாயில் தீட்சை. நடைமுறையில் அங்கும் அர்ச்சகக் குடும்பங்கள் உண்டு. பொதுக்கோயில் பூசையைச் சில குலங்களுக்கே ஒதுக்கும் பாஞ்சராத்திர நூற்பகுதிகளும் உண்டு. ஆனாலும் ஆசாரியன் சீடனை உருவாக்கலாம் என்ற கருத்து அதன் உள்ளிருந்தே எழுவது, வெளியார் திணித்ததல்ல. இரண்டு கோயில்களும் திருமலை திருப்பதி தேவஸ்தானம் என்ற ஒரே நிர்வாகத்தின் கீழ் இருந்தும், எல்லாச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்னும் ‘அனைவரும் அர்ச்சகர்’ விவாதம் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

இராமானுசர் திருவரங்கத்தில் பாஞ்சராத்திரத்தை நிலைநிறுத்தினார் என்றும் திருமலையில் வைகானசத்தை அப்படியே விட்டார் என்றும் வைணவ மரபு சொல்கிறது. விட்டாரே தவிர, கருவறையைச் சுற்றிலும் புதிய இடங்கள் உருவாயின. வேளாளர் குலத்தவராகக் கொள்ளப்படும் நம்மாழ்வாரின் தமிழ்ப் பாசுரம் வேதத்துக்கு இணையாக ஒலிக்கிறது. மார்கழியில் சுப்ரபாதத்துக்குப் பதில் திருப்பாவை பாடப்படுகிறது. விடியலில் தீவட்டியோடு அர்ச்சகரை அழைத்துவந்து, நடை திறந்ததும் முதல் தரிசனம் பெறுபவர் சந்நிதி கொல்லா எனப்படும் யாதவர். பதினைந்தாம் நூற்றாண்டில் சந்திரகிரியிலிருந்து எழுந்த சாளுவ நரசிம்மன் திருமலையிலும் திருப்பதியிலும் அன்னசத்திரங்களான இராமானுசகூடங்களை நிறுவி, அவற்றைக் கந்தாடை இராமானுச அய்யங்காரிடம் ஒப்படைத்தான். அவருடைய சீடர்களான சாத்தாத ஸ்ரீவைஷ்ணவர்கள் பூணூல் அணியாதவர்கள். பூந்தோட்டக் கைங்கரியமும் பிரசாதப் பங்கும் அவர்களுக்கு இருந்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. அரச ஆதரவு மாறியபோது அந்த இடம் சுருங்கியது. பர்ட்டன் ஸ்டைன் 1968இல் எழுதிய கட்டுரை இதைச் சமூக ஏற்றத்தின் வரலாறாகப் படிக்கிறது. எனக்கோ அது எல்லையின் வரலாறாகவும் படுகிறது. ஏனெனில் அந்தப் பங்கு கருவறையை எட்டவேயில்லை.

திருப்பதிக்கு அருகிலுள்ள சிவத்தலமான காளத்தியில் நிலைமை இன்னும் விசித்திரம். மகாசிவராத்திரிப் பிரம்மோற்சவத்தின் முதல் கொடி ஏறுவது சிவனுக்கன்று, மலைமேலுள்ள கண்ணப்பருக்கு. இறைச்சி படைத்த வேடன் ஆகமம் அறிந்த சிவகோசரியாருக்கு மேலாக வைக்கப்படுகிறான். இத்தனை சிறப்பு செய்தும் கண்ணப்பர் எவருடைய நியமனத்துக்கும் முன்னுதாரணம் ஆகவில்லை. அடியாராகிவிட்டவரை மதிப்பது எளிது போலும். திருப்பதி கங்கம்மா ஜாதரையில் கதை வேறு: கைக்கால குடும்பத்தினரே வேடம் தரித்து அம்மனாகத் தெருவில் வருகிறார்கள், திருமலைப் பெருமாளிடமிருந்து தங்கைக்குச் சீர்வரிசையாகச் சேலை வருகிறது.

சட்டம் தலையிட்டது 1987இல். சல்லா கொண்டையா குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து வந்த ஆந்திர அறநிலையச் சட்டம் அர்ச்சகரின் பரம்பரை உரிமையை நீக்கியது. திருமலைத் தலைமை அர்ச்சகர் நாராயண தீட்சிதுலு தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது: நியமனம் மதச்சார்பற்ற செயல், பூசை முறையே மதம். (2007இல் வந்த திருத்தம் அர்ச்சகக் குடும்பங்களுக்குக் கொஞ்சம் ஆறுதல் தந்தது.) மிராசு எனப்படும் இந்தப் பரம்பரை உரிமையின் ஒழிப்பு அர்ச்சகரோடு நிற்காமல் சந்நிதி கொல்லாவின் வழிவழி உரிமையையும் தொட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சமத்துவத்தின் பெயரால் வந்த சட்டம், கருவறை வாசலில் யாதவருக்கு இருந்த பழைய இடத்தின் பரம்பரைத் தன்மையையும் பறித்தது.

இதற்குப் பிந்தைய முயற்சிகள் இருவகை. பூமன கருணாகர ரெட்டி தேவஸ்தான அறங்காவலர் குழுத் தலைவராக இருந்தபோது தொடங்கிய தலித கோவிந்தம், உற்சவரைத் தலித் குடியிருப்புகளுக்கு எழுந்தருளச் செய்து கல்யாணம் நடத்தியது. பிறகு தேவஸ்தானத்தின் ஸ்வேதா பயிற்சிக்கூடம் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மீனவருக்கும் பூசைப் பயிற்சி தந்தது. அவர்களுக்குக் குறித்த பணியிடம் அவரவர் குடியிருப்புகளில் தேவஸ்தான நிதியில் எழுந்த சிறுகோயில்கள். சாமி இறங்கிவந்தார், மந்திரமும் வந்தது, பழைய கோயிலின் நடைமட்டும் வரவில்லை. சாத்தாதர் காலத்து ஏற்பாடே, வெளிவட்டத்தை இன்னும் தொலைவில் வரைந்து, தொடர்கிறது என்பதே என் மதிப்பீடு. தமிழ்நாட்டிலோ 2021 ஆகஸ்டில் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகளில் படித்த 24 பேரை ஏற்கெனவே உள்ள கோயில்களிலேயே நியமித்தார்கள். அந்த நியமனங்களும் வழக்குக்கு உள்ளாயின.

இங்கே உச்ச நீதிமன்றத்தின் 2002ஆம் ஆண்டு ஆதித்தயன் தீர்ப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டச் சிவன் கோயிலொன்றில் பிராமணரல்லாதவரைச் சாந்திக்காரராக நியமித்தது செல்லும் என்றது நீதிமன்றம். தாந்திரிகப் பயிற்சி பெற்றுப் பூசைக்குத் தகுதி அடைந்தவர் என்பதே அதன் காரணம். பிராமணரே செய்யவேண்டும் என்ற விதியை அக்கோயிலின் மரபிலிருந்து எதிர்த்தரப்பால் நிறுவ முடியவில்லை. இதே அளவுகோலைத் திருமலையில் வைத்தால் வைகானசர் தம் நூல்களை எடுத்துக் காட்டுவார்கள். பிறப்புக்கு அங்கே எழுத்துச் சான்று இருக்கிறது. திருச்சானூரில் அந்தச் சான்று அவ்வளவு உறுதியானதல்ல. தீட்சை பெற்றவரை ஏன் ஏற்கக்கூடாது என்று நிறுவும் பொறுப்பு அங்கே மறுப்பவர் மீதே விழும்.