மலையகத் தமிழரின் பிரசாவுரிமைப் பிரச்சினை

மலையகத் தமிழரின் பிரசாவுரிமைப் பிரச்சினை என்பது, பிரித்தானியர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து இலங்கையின் பெருந்தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரும் அவர்களின் வழித்தோன்றல்களும் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினால் குடியுரிமை இழந்து நாடற்றோர் ஆனதையும், அதனைத் தொடர்ந்து ஏறத்தாழ 55 ஆண்டுகள் நீடித்த அரசியல், சமூகச் சிக்கலையும் குறிக்கும். இலங்கை அரச ஆவணங்களில் இம்மக்கள் "இந்தியத் தமிழர்" எனக் குறிப்பிடப்படுகின்றனர்.

பின்னணி

1820களில் கண்டிப் பகுதியில் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கியதிலிருந்து தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களைச் சேர்ந்த ஏழை மக்கள் கங்காணிகள் மூலம் இலங்கைக்கு அழைத்துவரப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளூடாக மலைநாட்டுக்கு நடந்து சென்றவர்களில் பலர் நோயாலும் பசியாலும் வழியிலேயே இறந்தனர். 1869இல் பரவத் தொடங்கிய இலைநோயால் கோப்பித் தொழில் அழிந்து, அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைத் தோட்டங்களுக்கு ஆண்டு முழுவதும் தொழிலாளர் தேவைப்பட்டதால், குடும்பங்கள் "லயன்" எனப்படும் வரிசை அறைகளில் நிலையாகத் தங்கின.

1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்தியத் தமிழர் நாட்டின் மக்கள்தொகையில் 11.7 விழுக்காட்டினராக இருந்தனர். இது இலங்கைத் தமிழரின் விழுக்காட்டினும் சற்றுக் கூடியதாகும். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் சௌ. தொண்டமான் உட்படப் பலர் நாடாளுமன்றத்துக்குத் தெரிவாயினர். வேறு தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளர்களின் வெற்றிக்கும் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் உதவின. இதனால் ஏற்பட்ட அச்சமும் பிரசாவுரிமைச் சட்டத்துக்கு ஒரு காரணம் என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

1948–1949 சட்டங்கள்

டி. எஸ். சேனநாயக்காவின் அரசு கொண்டுவந்த 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்திருப்பது மட்டுமே குடியுரிமைக்குப் போதாது என்றது. சட்டம் நடைமுறைக்கு வரும் முன்னர் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரசையாவதற்கு, அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும்.

இந்த விதி எல்லாச் சமூகத்தினருக்கும் பொதுவாக எழுதப்பட்டிருந்தாலும், நடைமுறையில் அதன் சுமை தோட்டத் தொழிலாளர் மீதே விழுந்தது. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் முறையான பிறப்புப் பதிவு இருக்கவில்லை. எழுத்தறிவு குறைந்த தொழிலாளரிடம் தந்தை, பாட்டன் ஆகியோரின் பிறப்பை மெய்ப்பிக்கும் ஆவணங்கள் இருப்பது அரிதாகும். சிங்களவரிடமோ இலங்கைத் தமிழரிடமோ இத்தகைய சான்றுகள் பொதுவாகக் கேட்கப்படவில்லை.

1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் (பிரசாவுரிமை) சட்டம், 1946 சனவரி 1ஆம் நாளுக்கு முன் மணமானோர் 7 ஆண்டுகளும் மணமாகாதோர் 10 ஆண்டுகளும் தொடர்ந்து இலங்கையில் வசித்திருந்தால் விண்ணப்பிக்க இடமளித்தது. ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டபோதும், சுமார் 1,34,000 பேருக்கே குடியுரிமை கிடைத்தது. அதே ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்குரிமையைப் பிரசைகளுக்கு மட்டும் உரியதாக்கியது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத் தமிழர் மிகப் பெரும்பாலோர் வாக்களிக்க இயலவில்லை. இதனை எதிர்த்து அவ்வாண்டில் இலங்கை இந்தியக் காங்கிரசு சத்தியாக்கிரகம் நடத்தியது.

இப்பிரச்சினை வடக்கு, கிழக்குத் தமிழரின் அரசியலிலும் பிளவை உண்டாக்கியது. ஜி. ஜி. பொன்னம்பலம் அரசில் இணைந்ததை ஏற்காத சா. ஜே. வே. செல்வநாயகம் முதலியோர் தமிழ்க் காங்கிரசிலிருந்து விலகி, 1949 திசம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினர்.

இந்திய–இலங்கை ஒப்பந்தங்கள்

1954ஆம் ஆண்டின் நேரு–கொத்தலாவலை ஒப்பந்தம் தீர்வு தரவில்லை. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. நாடற்றோர் தொகை 9,75,000 எனக் கணக்கிடப்பட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974ஆம் ஆண்டின் சிறிமா–இந்திரா ஒப்பந்தத்தின்படி சம அளவில் பங்கிடப்பட்டனர். இவ்வொப்பந்தங்கள் செய்யப்பட்டபோது அம்மக்களின் விருப்பம் கேட்கப்படவில்லை என்பது முதன்மையான குறைபாடாகச் சுட்டப்படுகிறது. பின்னர் விண்ணப்பங்கள் கோரப்பட்டபோது, ஒதுக்கப்பட்ட தொகையைவிட மிகக் கூடுதலானோர் இலங்கைக் குடியுரிமையையே கேட்டனர்.

ஏறத்தாழ 4,60,000 பேர் தலைமன்னார்–இராமேசுவரம் கப்பல் வழியாகவும் பிற வழிகளிலும் இந்தியா சென்றனர். அவர்களில் பெரும்பாலோர் இலங்கையிலேயே பிறந்தவர்கள். "தாயகம் திரும்பியோர்" என அழைக்கப்பட்ட இவர்களில் ஒரு பகுதியினர்க்கு, தமிழக அரசு நீலகிரியில் நிறுவிய தேயிலைத் தோட்டங்களில் வேலை தரப்பட்டது. விண்ணப்பங்கள் ஒரே குடும்பத்தினரையும் பிரித்த நிகழ்வுகள் பல உண்டு. ஒப்பந்தங்களின் காலம் 1981இல் முடிந்தது. 1984இல் கப்பல் போக்குவரத்தும் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டு பெற்றும் செல்ல இயலாதோர் தோட்டங்களிலேயே தங்கினர்.

தீர்வு

1977க்குப் பின்னர் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசு அரசில் பங்கேற்றது. 1986 சனவரியில் அது நடத்திய பிரார்த்தனை இயக்கத்தை அடுத்து, அவ்வாண்டின் சட்டம் விண்ணப்பிக்காதிருந்த 94,000 பேருக்குக் குடியுரிமை வழங்க வழிசெய்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் இதனை மேலும் விரிவாக்கியது. இறுதியாக, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்துவரும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை அளித்தது. இந்தியக் கடவுச்சீட்டுடன் எஞ்சியிருந்தோரும் இதனால் பயனடைந்தனர்.

எஞ்சியுள்ள சிக்கல்கள்

இனக் கலவரங்களால், குறிப்பாக 1983க்குப் பின், தமிழகம் சென்று ஏதிலி முகாம்களில் வாழ்வோரில் மலையகத் தமிழரும் உள்ளனர். இந்தியாவில் வசிக்கும் இத்தகையோரும் இலங்கைக் குடியுரிமை பெறும் வகையில் 2009இல் இலங்கைச் சட்டம் திருத்தப்பட்டது. இந்தியக் குடியுரிமை கோருவோரின் நிலை வேறாகும். இந்தியாவின் 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானித்தான் ஆகிய நாடுகளிலிருந்து வந்தோரை மட்டுமே கருதுவதால், இவர்கள் அதில் அடங்கவில்லை.

இலங்கையில் 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியத் தமிழராகப் பதிவானோர் 4.1 விழுக்காட்டினர். இந்தியாவுக்கு அனுப்பப்பட்டதோடு, பலர் தம்மை இலங்கைத் தமிழராகப் பதிந்துகொண்டதும் இவ்வீழ்ச்சிக்குக் காரணமாகும். வாக்குரிமை மீண்ட போதிலும் காணியுரிமையும் வீட்டுரிமையும் தீராத கோரிக்கைகளாகவே உள்ளன. லயன் அறைகள் தோட்ட நிருவாகங்களின் உடைமையாக இருப்பதால், தலைமுறைகளாக அவற்றில் வாழும் குடும்பங்கள் பலவற்றுக்குச் சொந்த முகவரியோ காணி உறுதியோ இல்லை.