காரின் 'அப்சோர்பர்' எப்போ மாற்றணும்?

தீபாவளிக்குக் கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கோ பினாங்குக்கோ காரை எடுக்கும் முன் எஞ்சின் எண்ணெய், டயர் எல்லாம் பார்ப்போம். அப்சோர்பரை மட்டும் மறந்துவிடுவோம்.

அதன் வேலை சொகுசு மட்டுமல்ல. ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கி, டயரைச் சாலையோடு ஒட்டி ஓடவைப்பதும் அதுதான். அது தேய்ந்தால், பிரேக் பிடித்தபின் கார் நிற்க அதிக தூரம் தேவைப்படலாம். மழையில் ஆபத்து கூடும்.

எவற்றைக் கவனிக்கணும்?

- வேகத்தடையைத் தாண்டிய பிறகும் கார் துள்ளுகிறதா?
- பிரேக் போட்டால் முன்பக்கம் வழக்கத்தைவிட அதிகம் அமுங்குகிறதா?
- டயர் ஆங்காங்கே குழிகுழியாகத் தேய்ந்திருக்கிறதா?
- அப்சோர்பரில் எண்ணெய் வழிகிறதா? லேசான ஈரப்பசைக்குப் பயம் வேண்டாம். சொட்டினால் மாற்றியே ஆகணும்.

நிறுத்திய காரின் ஒரு மூலையை அழுத்திவிட்டுப் பாருங்க. இரண்டு முறைக்கு மேல் ஆடினால் சந்தேகம்தான். ஆடவில்லை என்பதற்காக 'ஓகே' என்று முடிவு செய்யவும் முடியாது.

எத்தனை கிலோமீட்டர்?

பொதுவாக 80,000 கிலோமீட்டரில் சோதிக்கச் சொல்வார்கள். அது மாற்றியே ஆகவேண்டிய கெடு அல்ல. குண்டும் குழியுமான சாலை, அதிகச் சுமை என்றால் முன்னதாகவே தேயலாம்.

ஒன்றா, இரண்டா?

ஒன்றை மட்டும் மாற்றினால் செலவு குறையும். ஆனால் இடமும் வலமும் ஒரே மாதிரி இயங்காது. முன்பக்கமோ பின்பக்கமோ, ஜோடியாகவே மாற்றணும். ஸ்ட்ரட் மாற்றினால் அலைன்மெண்டும் பார்க்கணும்.

'கடகட' சத்தம் மட்டும் கேட்டால் அவசரப்படாதீங்க. புஷ், லிங்க் போன்ற சின்ன உதிரிபாகமாகவும் இருக்கலாம். வொர்க்‌ஷாப்பில் அதை முதலில் பார்க்கச் சொல்லுங்க.