மாட்லின்: ஒரு கண்ணீரின் சொல்வரலாறு

அழுகையைக் குறிக்கும் ஆங்கிலப் பெயரடைகளுள் 'மாட்லின்' என்பது அளவுமீறிக் கசியும் கண்ணீரையும், அதைக் காண்பவரின் சலிப்பையும் ஒருங்கே சுட்டுவது. இச்சொல் ஒரு பெண்ணின் பெயரிலிருந்து பிறந்தது.

யோவான் நற்செய்தியில் இயேசுவின் கல்லறைக்கு வெளியே நின்று அழுபவர் மகதலா மரியா. 591ஆம் ஆண்டளவில் திருத்தந்தை முதலாம் கிரகோரி, லூக்கா நற்செய்தியில் இயேசுவின் பாதங்களைக் கண்ணீரால் நனைக்கும் பெயர் சுட்டப்படாத பாவிப் பெண்ணும் இவரே என உரைத்தார். பின்னர் மேலை ஓவியங்களில் மரியா அழும் உருவாகவே நிலைபெற்றார். அவர் பெயரின் ஆங்கில மரூஉவே மாட்லின். 1458இல் நிறுவப்பெற்ற ஆக்ஸ்போர்டு மாக்தலேன் கல்லூரியின் பெயர் இன்றும் அவ்வாறே ஒலிக்கப்படுகிறது. 1592இல் தாமஸ் நாஷ் குடியர்களை எட்டு வகைப்படுத்தியபோது, போதையில் அன்பு பெருகி அழுபவனுக்கு இச்சொல்லைச் சூட்டினார். துயரத்தின் பெயர் கேலியின் பெயராயிற்று. 1969இல் உரோமைத் திருச்சபை தன் நாட்காட்டியைத் திருத்தி அவ்விரு பெண்களையும் வேறுபடுத்தியது, சொல்லோ மீளவில்லை.

தமிழ் நிலையும் ஒப்புநோக்கத் தக்கது. தொல்காப்பியம் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அழுகையை வைத்து, அது இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கினின்று பிறக்கும் என்கிறது. இகழப்படுதல், இழத்தல், முன்னை நிலை கெடுதல், இல்லாமை என இவற்றைக் கொள்ளலாம். அங்கு அழுகைக்குக் காரணம் கூறப்படுகிறது, ஏளனம் இல்லை. வழக்கிலோ நிலைமை வேறு. 'அழுகுணிச் சித்தர்' என்பதில் மதிப்புப் பெற்ற அடைமொழி, 'அழுகுணி ஆட்டம்' என்பதில் ஏமாற்றைக் குறிக்கிறது. எங்கள் அடுகோடித் தெருக்களில் தமிழ்ப் பிள்ளைகளின் 'அழுமூஞ்சி'யும் கன்னடப் பிள்ளைகளின் 'அளுமுஞ்சி'யும் அருகருகே ஒலிக்கின்றன. வினையடியும் ஒன்று, ஏளனமும் ஒன்று.

மொழிபெயர்ப்பில் இவ்வேறுபாடு முதன்மையானது. 'மாட்லின்' என்பதைக் 'கண்ணீர் மல்கிய' எனப் பெயர்த்தால் அதிலுள்ள இகழ்ச்சி மறைந்துவிடும். திரைப்படங்களைப் பற்றி நாம் சொல்லும் 'அழுகாச்சி'யே அதற்கு நெருக்கமானது. மாறாக, ஒப்பாரி பாடும் பெண்ணின் குரலை ஓர் ஆய்வாளர் ஆங்கிலத்தில் 'மாட்லின்' என எழுதினால், அவள் இழப்பின்மீது தம் தீர்ப்பை ஏற்றிவிடுகிறார். படிப்பவர் அதை வருணனை என்றே கொள்வார். அழுகைக்குப் பெயரடை தேடும்முன், அது இளிவா, இழவா, அசைவா, வறுமையா எனக் கேட்பது ஆய்வு நேர்மையின் முதற்படி.