ஏலாக்குறிச்சியில் ஒரு வொக்காபுலரி கிளாஸ்

இங்கிலீஷ் வொக்காபுலரியை வளர்க்கணும்னு முடிவு பண்ணினா நாம எல்லாரும் முதல்ல செய்யுறது, ஒரு லிஸ்ட் தேடுறது. ஜிஆர்இ-க்கு ஒண்ணு, பேங்க் எக்ஸாமுக்கு ஒண்ணு, இன்டர்வியூவுக்கு ஒண்ணு. இடது பக்கம் பயமுறுத்துற மாதிரி ஒரு வார்த்தை, வலது பக்கம் அர்த்தம். ஒரு மூணு வாரம் நல்லா ஓடும். அப்புறம் ஒரு மீட்டிங்ல அந்த வார்த்தையைத் தைரியமா எடுத்து விடுவோம். எதிர்ல இருக்கிறவங்க முகம் ஒரு மாதிரி மாறும். அர்த்தம் சரிதான், இடம்தான் தப்பு.

இந்த லிஸ்ட் நம்ம ஊர் கோச்சிங் சென்டர் கண்டுபிடிச்சது இல்லை. இங்கிலீஷுக்கு இங்கிலீஷிலேயே அர்த்தம் சொன்ன முதல் அகராதின்னு பொதுவா சொல்றது, 1604-ல் ராபர்ட் காட்ரி என்ற பள்ளி ஆசிரியர் போட்ட புத்தகம். அதில் இருந்தது சுமார் 2,500 வார்த்தைகள். எல்லாமே கஷ்டமான வார்த்தைகள். லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு இதிலிருந்தெல்லாம் வந்து, சாதாரண இங்கிலீஷ்காரர்களுக்கே புரியாமல் இருந்தவை. அதாவது, இங்கிலீஷ் அகராதி பிறந்ததே ஒரு 'அட்வான்ஸ்டு வொக்காபுலரி' லிஸ்டாகத்தான். அகர வரிசையில் எப்படித் தேடணும்னுகூட அவர் வாசகர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

சரி, இதுக்கும் அரியலூருக்கும் என்ன சம்பந்தம்?

அரியலூரிலிருந்து தெற்கே திருமானூர் பக்கம் போனால், கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சின்னு ஓர் ஊர். அந்தப் பகுதி திருச்சி மாவட்டத்தில் இருந்து, பிறகு பெரம்பலூர் மாவட்டத்துக்குப் போய், இப்போது அரியலூர் மாவட்டத்தில் இருக்கு. அங்கே இருக்கிற அடைக்கல மாதா கோயிலோடு ஒட்டி நிற்கிற பெயர் வீரமாமுனிவர். பள்ளிக்கூடத்தில் தேம்பாவணின்னு ஒரு மார்க் கேள்விக்குப் படிச்சிருப்போம். இன்றைக்கு நாம் அவரைக் கவிஞராகப் பார்க்கப் போறதில்லை. ஒரு மொழியை வயசு வந்த பிறகு கத்துக்கிட்ட ஆளாகப் பார்ப்போம்.

இயற்பெயர் கான்ஸ்டான்சோ பெஸ்கி. 1680-ல் இத்தாலியில் பிறந்தவர். 1710-ல் கோவாவில் வந்து இறங்கும்போது வயசு கிட்டத்தட்ட 30. தமிழ் ஒரு எழுத்துகூடத் தெரியாது. 1726-ல் 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணி முடிந்துவிட்டது. இடையில் பதினாறு வருஷம். முப்பது வயசுக்கு மேல இங்கிலீஷ் எங்கே வரப்போகுதுன்னு சொல்றவங்க இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்க.

எப்படிச் சாத்தியமாச்சு? சுப்பிரதீபக் கவிராயர் என்ற புலவரிடம் அவர் பாடம் கேட்டதாகச் சொல்வது மரபு. அந்தக் காலத்துத் தமிழ் மாணவர்கள் சொற்களைக் கற்றது நிகண்டு வழியாக. திவாகரம், பிங்கலம், சூடாமணி நிகண்டு. எல்லாமே பாட்டு. தேவர் பெயர்கள், மக்கள் பெயர்கள், விலங்குப் பெயர்கள் என்று பொருள் வாரியாகப் பிரித்திருக்கும். மனப்பாடம் பண்ணினவருக்கு அது பொக்கிஷம். ஆனால் படிக்கும்போது நடுவில் ஒரு சொல்லில் மாட்டிக்கிட்ட வெளியூர்க்காரருக்கு? அந்தச் சொல் எந்தத் தொகுதியில் இருக்குன்னு தெரியணும்னா, அதன் அர்த்தம் முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். அர்த்தம் தெரிஞ்சா அவர் ஏன் தேடப் போறார்?

1732-ல் அவர் முடித்த சதுரகராதி இந்தச் சிக்கலுக்கான பதில் என்றுதான் எனக்குத் தோணுது. சாமுவேல் ஜான்சனின் புகழ்பெற்ற இங்கிலீஷ் அகராதி வருவதற்கு 23 வருஷம் முன்னாடி. சதுர் என்றால் நான்கு. பெயர், பொருள், தொகை, தொடை.

பெயரகராதி நமக்குப் பழகினது: சொல்லைக் கொடுத்தால் அர்த்தம் சொல்லும். பொருளகராதி அதைத் திருப்பிப் போடும். கையில் பொருள் இருக்கு, அதுக்கு என்னென்ன சொல் உண்டு? யானைன்னா களிறு, வேழம், கரி என்று வரும் இல்லையா, அந்த மாதிரி. இங்கிலீஷில் பீட்டர் மார்க் ரோஜெட்டின் தெசாரஸ் 1852-ல்தான் வருது. தொகையகராதி, முக்கனி, ஐம்பூதம், அறுசுவை மாதிரி ஒரு கூட்டமாகவே உலவுகிற சொற்களுக்கு. அறுசுவைன்னு ஒரு வரியில் வந்தால், படிக்கிறவருக்கு ஆறும் தெரிஞ்சிருக்கணும்னு எழுதினவர் எதிர்பார்க்கிறார். அகராதியில் அர்த்தம் பார்த்தால் மட்டும் அது வராது. தொடையகராதி எதுகைக்கு. பட்டம், கட்டம், சட்டம்னு ஓசையால் சேர்கிற சொற்கள். ராப் எழுதுறவங்க இன்றைக்கு ஆப்ல தேடுற அதே விஷயம்.

ஒரு சொல்லுக்குள் போக நாலு வழி. நம்ம லிஸ்ட் கொடுப்பது முதல் வழியை மட்டும்.

இதில் இன்னொன்றும் இருக்கு. ஓலைச்சுவடியில் குறில் எ-வுக்கும் ஒ-வுக்கும் மேலே புள்ளி வைக்கணும். நெடிலுக்குப் புள்ளி கிடையாது. ஓலை கிழிஞ்சிடும்னு எழுதுறவங்க பெரும்பாலும் புள்ளியையே விட்டுடுவாங்க. அப்போ எது, ஏது ரெண்டும் பார்க்க ஒண்ணுதான். தமிழ் தாய்மொழியா இருந்தால் சூழலை வைத்துப் பிடிச்சிடலாம். புதுசா படிக்கிறவர் தடுக்கி விழுவார். இன்றைக்கு நாம் எழுதுகிற ஏ, ஓ, ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பு வித்தியாசம் எல்லாம் பெஸ்கி செய்த சீர்திருத்தம் என்றே சொல்லப்படுகிறது. கத்துக்க வந்தவருக்குத்தான் எங்கே தடுக்குதுன்னு நல்லாத் தெரியும் போல.

எனக்கு அவருடைய வேலைகளில் ரொம்பப் பிடிச்சது வேற ஒண்ணு. பரமார்த்த குரு கதை. நாம அதைக் குழந்தைகள் காமெடின்னு நினைச்சிட்டிருக்கோம். ஆனால் அவர் எழுதினது, தமிழ் கத்துக்க வரும் ஐரோப்பியப் பாதிரிமாருக்கு, பக்கத்தில் லத்தீன் மொழிபெயர்ப்போடு. செந்தமிழில் இல்லை, பேச்சுக்கு நெருக்கமான நடையில். ஆறு தூங்குதா முழிச்சிருக்கான்னு கொள்ளிக்கட்டையை வைத்துச் சோதிக்கிற அந்தக் கதையைப் படிச்சுச் சிரிக்கிறவர், தூங்கு, முழி, நனை, சுடு எல்லாத்தையும் தன்னை அறியாமலேயே பிடிச்சுக்கிறார்.

அந்த ஐந்து சீடர்களின் பெயர்களைப் பாருங்க. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். அகராதியில் பக்கத்தில் பக்கத்தில் போடக்கூடிய சொற்கள். ஆனால் ஐந்தும் ஒன்றா? மூடன்னு சொன்னால் திட்டு. பேதைன்னு சொன்னால் பாதி இரக்கம். சின்னப் பெண்ணின் பருவத்துக்கும் அதே பெயர். மடையனுக்குப் பழைய தமிழில் சமையற்காரர் என்றும் பொருள் உண்டு. மிலேச்சன் புரியாத மொழி பேசுகிற அந்நியன். அந்தப் பெயரை ஒரு முட்டாளுக்கு வைத்த பெஸ்கியே, அன்றைக்குப் பல பேர் கண்ணுக்கு மிலேச்சன்தான். இதைத் தெரிஞ்சே செய்திருப்பார்னு நான் நம்புறேன்.

1822-ல் இந்தக் கதை லண்டனில் அச்சானது. தமிழ் மூலம், இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு, முதல் கதைக்கு இலக்கண விளக்கம், கடைசியில் ஒரு வொக்காபுலரி. செய்தவர் சென்னை சிவில் சர்வீஸில் இருந்த பெஞ்சமின் பாபிங்டன். பின்னாளில் டாக்டராகி, 1829-ல் தொண்டைக்குள் பார்க்க ஒரு கண்ணாடிக் கருவியையும் செய்தவர்.

அந்த வருஷங்களைக் கவனிங்க. 1812-ல் சென்னையில் எல்லிஸ் முயற்சியால் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கியது. இங்கிலாந்திலிருந்து வந்த இளைஞர்கள் அங்கே நம்ம ஊர்ப் புலவர்களிடம் உட்கார்ந்து தமிழோ தெலுங்கோ படிச்சுத் தேர்வு எழுதணும். சதுரகராதி முழுசா அச்சேறினதும் அந்த வட்டாரத்தில்தான், 1824-ல். அதாவது, வேலைக்காக வார்த்தைகளை உருப்போட்டவன் வெள்ளைக்காரப் பையன். அப்புறம் 1835-ல் மெக்காலேயின் குறிப்பு. 1844-ல் இங்கிலீஷ் படிச்சவங்களுக்கு அரசு வேலையில் முன்னுரிமைன்னு ஹார்டிங் அறிவித்தார். ஒரு தலைமுறைக்குள் பெஞ்சு அப்படியே திரும்பிடுச்சு. இன்டர்வியூவில் ஒரு சொல் வராமல் தொண்டை அடைக்குதே, அது உங்க மூளையைப் பற்றிய செய்தி இல்லை. அந்தத் தேதிகளுக்கு அதில் பங்கு இருக்கு.

முடிக்கிறதுக்கு முன்னாடி பெஸ்கி பாணியில் ஒரு வேலை. ஐந்து சீடர்களுக்கும் இங்கிலீஷில் பெயர் வைங்க. பேதைக்கு சிம்பிள்டன் பொருந்தும். மிலேச்சனுக்கு பார்பேரியன், அதுவும் புரியாமல் பேசுறவன்னு கிரேக்கர்கள் அந்நியருக்கு வைத்த பெயர்தான். டன்ஸ் யாருக்குன்னு யோசிங்க. அது ஜான் டன்ஸ் ஸ்கோட்டஸ் என்ற பெரிய அறிஞரின் பெயர். அவர் வழியில் வந்தவங்களை எதிராளிகள் கிண்டல் பண்ணிப் பண்ணியே அது மக்குன்னு ஆகிப்போச்சு. மட்டிக்கும் மூடனுக்கும் நீங்க என்ன வச்சீங்கன்னு எழுதி அனுப்புங்க.