லிஃப்ட்காரர் சொன்ன சேதி

1918-ம் வருடம், மே மாதம் 26-ம் தேதி. ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிளாக்ஸ்டோன் என்றொரு பெரிய ஹோட்டல். அன்று அங்கே வந்து இறங்கினார் ஒரு பெரியவர். வாட்டசாட்டமான ஆள் என்று சொன்னால் போதாது. பதவியில் இருந்த காலத்தில் கிட்டத்தட்ட நூற்றைம்பது கிலோ எடை. லிஃப்ட்டில் ஏறினார். லிஃப்ட்காரர் பேச்சுவாக்கில் ஒரு சேதி சொன்னார். ரூஸ்வெல்ட்டும் இதே ஹோட்டலில்தான் இருக்கிறார். இப்போது கீழே டைனிங் ஹாலில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

பெரியவர் யோசிக்கவில்லை. கீழே போகவேண்டும் என்றார்.

ஹாலுக்குள் அவர் நுழைந்ததும் ஒவ்வொரு மேஜையாகப் பேச்சு நின்றது. ஓரத்தில் ஒரு சின்ன மேஜை. தட்டில் கவனமாக இருந்த ரூஸ்வெல்ட், என்னடா திடீரென்று இவ்வளவு அமைதி என்று நிமிர்ந்து பார்த்தார். எதிரே டாஃப்ட்!

அமெரிக்காவின் இரண்டு முன்னாள் ஜனாதிபதிகள். ஆறு வருடமாக ஜென்மப் பகை. அடுத்த நொடி என்ன நடக்கும்?

அதைக் கடைசியில் பார்ப்போம். முதலில் இந்தப் பகை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் அலுவலகத்தில், உங்கள் குடும்பத்தில், உங்களுக்கே தெரிந்த யாரோ இரண்டு பேர் கண்டிப்பாக ஞாபகத்துக்கு வருவார்கள்.

தியோடர் ரூஸ்வெல்ட். குழந்தைகள் கட்டிக்கொண்டு தூங்கும் 'டெடி' பொம்மைக்குப் பெயர் கொடுத்தவர் என்றால் சட்டென்று புரியும். 1901-ல் ஜனாதிபதி மெக்கின்லி சுட்டுக் கொல்லப்பட, துணை ஜனாதிபதியாக இருந்த இவர் 42 வயதில் ஜனாதிபதி ஆனார். சும்மா உட்காரத் தெரியாத மனுஷன். வேட்டை, குத்துச்சண்டை, குதிரை, புத்தகம், அரசியல் எல்லாமே ஒரே வேகம்.

வில்லியம் ஹோவர்ட் டாஃப்ட் நேர் எதிர். நிதானி. வக்கீல். அவருக்கு ஜனாதிபதி நாற்காலியெல்லாம் கனவே இல்லை. உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஆகவேண்டும், அவ்வளவுதான். வெள்ளை மாளிகைக் கனவு அவருடைய மனைவிக்குத்தான் இருந்தது. ரூஸ்வெல்ட்டின் மந்திரிசபையில் டாஃப்ட் யுத்த மந்திரி. அதைவிட முக்கியம், ஆத்ம நண்பர்.

1904 தேர்தலில் ஜெயித்த ராத்திரியே, 'இன்னொரு முறை நிற்கமாட்டேன்' என்று அறிவித்துவிட்டார் ரூஸ்வெல்ட். வாழ்நாள் முழுக்க அவர் வருத்தப்பட்ட ஒரு வாக்குறுதி. 1908-ல் சொன்னபடி ஒதுங்கிக்கொண்டார். தன் இடத்துக்கு டாஃப்ட்டைக் கைகாட்டினார். குடியரசுக் கட்சி தலையாட்டியது. டாஃப்ட் ஜெயித்தார். 1909 மார்ச்சில் பட்டாபிஷேகம் முடிந்த கையோடு, ரூஸ்வெல்ட் மகனைக் கூட்டிக்கொண்டு ஆப்பிரிக்கக் காட்டுக்கு வேட்டைக்குக் கிளம்பிவிட்டார்.

பிரச்னையே அதற்குப் பிறகுதான். ரூஸ்வெல்ட் எதிர்பார்த்தது இன்னொரு ரூஸ்வெல்ட்டை. நாற்காலியில் உட்கார்ந்ததோ டாஃப்ட்! 1910 ஜனவரியில் வனத்துறைத் தலைவர் பின்ஷோவை டாஃப்ட் பதவிநீக்கம் செய்தார். பின்ஷோ ரூஸ்வெல்ட்டின் செல்லப்பிள்ளை. அதையாவது பொறுத்துக்கொண்டிருக்கலாம். 1911 அக்டோபரில் யு.எஸ். ஸ்டீல் கம்பெனிமீது ஏகபோக வழக்குப் போட்டது டாஃப்ட்டின் அரசாங்கம். அந்தக் கம்பெனி 1907-ல் இன்னொரு கம்பெனியை வாங்கியது குற்றம் என்றார்கள். வாங்குவதற்குச் சம்மதம் கொடுத்தது யார்? அன்றைய ஜனாதிபதி ரூஸ்வெல்ட். ஆக, முன்னாள் ஜனாதிபதி ஏமாந்துபோனார் என்று வழக்கு மனுவே ஊருக்குச் சொன்னது.

விடுவாரா? 1912 பிப்ரவரியில், டாஃப்ட்டுக்கு எதிராக அதே கட்சியில் வேட்பாளர் ஆகப்போவதாக அறிவித்தார்.

இங்கே ஒரு மூன்றாவது மனிதரைச் சொல்லியாகவேண்டும். மேஜர் ஆர்ச்சிபால்ட் பட். முதலில் ரூஸ்வெல்ட்டுக்கு ராணுவ உதவியாளர். பிறகு டாஃப்ட்டுக்கு. இரண்டு பேரையும் மனசார நேசித்தவர். நடுவில் மாட்டிக்கொண்டு உடம்பு நொந்துபோய், லீவு போட்டுவிட்டு ஐரோப்பா போனார். தேர்தல் நேரத்தில் டாஃப்ட் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று திரும்பிவரக் கப்பல் ஏறினார். அந்தக் கப்பலின் பெயர் டைட்டானிக். அவர் ஊர் வந்து சேரவில்லை. அவருக்கான அஞ்சலிக் கூட்டத்தில் பேச முடியாமல் உடைந்துபோனார் டாஃப்ட்.

ஆனால் தேர்தல் யாருக்காகவும் நிற்காது. அந்த வருடம் பதின்மூன்று மாநிலங்களில் கட்சிக்காரர்களே ஓட்டுப்போட்டு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முறை. ஒன்பதில் ரூஸ்வெல்ட் ஜெயித்தார். டாஃப்ட்டின் சொந்த மாநிலமான ஒஹையோவும் அதில் அடக்கம். வாய்ச்சண்டையோ குழாயடிச் சண்டையைத் தோற்கடித்தது. டாஃப்ட்டுக்கு மண்டையில் மூளை இல்லை என்கிற ரீதியில் ரூஸ்வெல்ட் பேசினார். ஜனங்களைத் தூண்டிவிடும் சுயநலக்காரர் என்று டாஃப்ட் திருப்பிக் கொடுத்தார். ஆனால் அப்படிப் பேசிய ஒரு நாள், கூட்டம் முடிந்து ரயிலுக்குத் திரும்பிய டாஃப்ட் தலையைக் கையில் தாங்கியபடி உட்கார்ந்திருந்ததை ஒரு நிருபர் பார்த்தார். 'அவர் என் நெருங்கிய நண்பராக இருந்தாரே' என்று சொல்லி அழுதாராம் ஜனாதிபதி.

ஜூன் மாதம் சிகாகோவில் கட்சி மாநாடு. மேடையைச் சுற்றி அலங்காரத் துணி. துணிக்கு உள்ளே முள்கம்பி! யாரும் மேடையில் ஏறி அடித்துவிடக் கூடாதே. ஓட்டில் முந்தியவர் ரூஸ்வெல்ட். கட்சி இயந்திரம் டாஃப்ட் கையில். குறிப்பாகத் தென்மாநிலங்களில் குடியரசுக் கட்சிக்கு ஓட்டு குறைவு, ஆனால் மாநாட்டுப் பிரதிநிதிகள் நிறைய. அவர்களில் பலருக்குத் தபால் ஆபீஸ் மாதிரி மத்திய அரசு வேலை, ஜனாதிபதி தயவில். யார் பக்கம் நிற்பார்கள்? தகராறில் இருந்த இடங்கள் 254. அதில் 235-ஐ டாஃப்ட்டுக்கும் வெறும் 19-ஐ ரூஸ்வெல்ட்டுக்கும் கொடுத்தது கட்சிக் கமிட்டி. மாநாட்டுத் தலைவர் எலிஹு ரூட். ரூஸ்வெல்ட்டிடம் மந்திரியாக இருந்தவர், பழைய சிநேகிதர். அவரும் கட்சி பக்கமே நின்றார்.

'திருட்டு!' என்று கத்திக்கொண்டு வெளியேறியது ரூஸ்வெல்ட் கோஷ்டி. ஆகஸ்டில் முற்போக்குக் கட்சி என்று தனிக்கடை திறந்தார்கள்.

இப்போது கட்சிக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு கேள்வி. தலைவனா? கட்சியா?

செனட்டர் ஹென்றி கேபட் லாட்ஜ், ரூஸ்வெல்ட்டின் முப்பது வருடக் கூட்டாளி. கட்சியை விட்டு வரமாட்டேன், ஆனால் உங்களுக்கு எதிராகவும் வேலை செய்யமாட்டேன் என்றார். ரூஸ்வெல்ட் கோபப்படவில்லை. ரூஸ்வெல்ட்டின் மாப்பிள்ளை நிக்கோலஸ் லாங்வொர்த் கதை இன்னும் சிக்கல். டாஃப்ட்டின் ஊரான சின்சினாட்டியின் எம்.பி. அவர் டாஃப்ட் பக்கம். மனைவி ஆலிஸ் அப்பா பக்கம். வீட்டில் எப்படிச் சாப்பாடு இறங்கியிருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். சொற்ப ஓட்டில் தோற்றுப்போனார் மாப்பிள்ளை. மாமனார் அதையும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

லாட்ஜை மன்னிக்க முடிந்தது. மாப்பிள்ளையை மன்னிக்க முடிந்தது. ரூட்டையும் டாஃப்ட்டையும் மட்டும் முடியவில்லை. கவனியுங்கள், கருத்து வேறுபாடு அவருக்குப் பிரச்னையே இல்லை. 'என் சொத்தை எடுத்துக்கொண்டார்கள்' என்ற எண்ணம்தான் பிரச்னை. அந்தக் காயம் சீக்கிரம் ஆறாது.

அக்டோபர் 14. மில்வாக்கி நகரில் ரூஸ்வெல்ட்டை ஒருவன் சுட்டான். பாக்கெட்டில் மடித்து வைத்திருந்த ஐம்பது பக்கப் பேச்சும் கண்ணாடிக் கூடும் குண்டின் வேகத்தைக் குறைத்தன. நெஞ்சில் குண்டோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். டாஃப்ட் தந்தி கொடுத்து விசாரித்தார். ஆனால் மனசு இறங்கவில்லை.

நவம்பரில் ரிசல்ட். ஜனநாயகக் கட்சியின் உட்ரோ வில்சனுக்குச் சுமார் 63 லட்சம் ஓட்டு. ரூஸ்வெல்ட்டுக்கு 41 லட்சம். டாஃப்ட்டுக்கு 35 லட்சம். கூட்டிப் பாருங்கள். பிரிந்த இரண்டும் சேர்ந்தால் 76 லட்சம். ஆனால் தேர்வாளர் கணக்கில் வில்சனுக்கு 435, ரூஸ்வெல்ட்டுக்கு 88, பதவியில் இருந்த ஜனாதிபதிக்கு வெறும் எட்டு! நான் காமர்ஸ் படித்தவன். ஒரே முதலீட்டை இரண்டு கடையாகப் பிரித்து, எதிர்க்கடைக்காரனைப் பணக்காரனாக்கிய கதை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, தோற்றாகிவிட்டது. பிறகு? இங்கேதான் கட்சிகள் பாடம் படிக்கவேண்டிய கட்டம் வருகிறது.

1916. மறுபடி தேர்தல். முற்போக்குக் கட்சிக்காரர்கள் ரூஸ்வெல்ட்டையே வேட்பாளராக அறிவித்தார்கள். அவர் மறுத்துவிட்டார். பழைய தாய்க்கட்சியின் வேட்பாளர் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸுக்கே என் ஆதரவு என்றார். கட்சி மனசு குளிர்ந்தது. ஆனால் அவரை நம்பி நாலு வருடம் முன்னால் வீடு வாசலை விட்டு வந்த தொண்டன் கதி? நடுத்தெரு. பெரிய தலைவர்களுக்கு மன்னிப்பு சுலபமாகக் கிடைக்கும், வாசல் வரை வந்து வரவேற்பார்கள். பின்னால் போன சின்ன ஆசாமிகளைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை.

சின்ன ஆசாமி என்று இல்லை, கலிஃபோர்னியா கவர்னரையே கண்டுகொள்ளவில்லை. ஹிராம் ஜான்சன். 1912-ல் ரூஸ்வெல்ட்டுடன் துணை ஜனாதிபதி வேட்பாளராக நின்றவர். 1916-ல் தாய்க்கட்சி சார்பில் செனட் தேர்தலில் நின்றார். ஆனால் அங்கிருந்த பழைய கட்சிப் பெருசுகளுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. ஆகஸ்டில் பிரசாரத்துக்கு வந்த ஹியூஸைத் தங்கள் பிடியிலேயே வைத்துக்கொண்டார்கள். லாங் பீச்சில் ஒரு ஹோட்டலில் ஹியூஸ் வந்து தங்கினார். அதே ஹோட்டலில் அதே நேரம் ஜான்சனும் இருந்தார். யாரும் ஹியூஸிடம் சொல்லவில்லை. சந்திக்காமலேயே கிளம்பிவிட்டார். பிறகு விஷயம் தெரிந்து பதறிப்போய் ஆள் அனுப்பி வருத்தம் தெரிவித்தார். என்ன பிரயோஜனம்?

நவம்பரில் கலிஃபோர்னியாவில் ஜான்சன் அமோகமாக ஜெயித்தார். அதே மாநிலத்தில் ஹியூஸ் சுமார் 3,800 ஓட்டில் தோற்றார். வில்சனுக்கு 277, ஹியூஸுக்கு 254. கலிஃபோர்னியாவின் 13 மட்டும் இந்தப் பக்கம் விழுந்திருந்தால், ஜனாதிபதி ஹியூஸ்! ஒரே ஒரு கைகுலுக்கல். அதன் விலை வெள்ளை மாளிகை. பகையைப் பத்திரமாகப் பாதுகாத்த உள்ளூர்ப் பெருசுகளுக்கு அப்போதாவது உறைத்ததா?

அதே வருடம் அக்டோபரில் ஹியூஸுக்காக நடந்த வரவேற்பில் ரூஸ்வெல்ட்டும் டாஃப்ட்டும் எதிரெதிரே வந்தார்கள். கையைக் குலுக்கினார்கள். ஐஸ் கட்டியை ஐஸ் கட்டி தொட்டமாதிரி. கட்சிக்கு அந்தப் புகைப்பட மன்னிப்பே போதும். மனசுக்குப் போதாதே.

1918 பிப்ரவரியில் ரூஸ்வெல்ட்டுக்குக் காதில் ஆபரேஷன். உயிருக்கே ஆபத்து என்ற நிலைமை. டாஃப்ட்டிடமிருந்து நலம் விசாரித்துத் தந்தி வந்தது. ரூஸ்வெல்ட் பதில் போட்டார். கடிதங்கள் தொடர்ந்தன. இருவருக்கும் பொது எதிரியாக வில்சன் இருந்ததும் உதவியது, மறைப்பானேன்!

இப்போது அந்த டைனிங் ஹாலுக்குத் திரும்புவோம்.

டாஃப்ட்டைப் பார்த்ததும் ரூஸ்வெல்ட் எழுந்தார். இருவரும் முதுகில் தட்டிக்கொண்டார்கள். ஹாலில் இருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள். இருவருக்கும் அப்போதுதான் சுற்றிலும் ஆட்கள் இருப்பதே உறைத்தது. கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அந்தச் சின்ன மேஜையில் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசினார்கள்.

அதற்குப் பிறகு ரூஸ்வெல்ட்டுக்கு அதிக நாள் இல்லை. ஜூலையில் கடைசி மகன் குவென்டின், இருபது வயது விமானப்படை வீரன், பிரான்ஸ் யுத்தகளத்தில் செத்துப்போனான். அப்பா நொறுங்கிப்போனார். 1919 ஜனவரி 6-ம் தேதி தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது அறுபது.

சவ அடக்கத்துக்கு வந்த டாஃப்ட்டுக்கு முதலில் பின்வரிசையில்தான் இடம் கிடைத்தது. ரூஸ்வெல்ட்டின் மகன் ஆர்ச்சி பார்த்துவிட்டு, நீங்கள் அப்பாவின் நண்பர், முன்னால் வாருங்கள் என்று அழைத்துப்போனார். எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் டாஃப்ட் கல்லறைப் பக்கத்திலேயே நின்று அழுதுகொண்டிருந்தார்.

1921-ல், வாழ்நாள் கனவான தலைமை நீதிபதி நாற்காலி டாஃப்ட்டுக்குக் கிடைத்தது. அதே வருடம் ரூஸ்வெல்ட்டின் அக்காவுக்கு எழுதிய கடிதத்தில், இருவரும் சமாதானம் ஆன பிறகு அவர் போனது தனக்குப் பெரிய நிம்மதி, இல்லாவிட்டால் ஆயுசு முழுக்க வருந்தியிருப்பேன் என்று சொன்னார்.

கணக்குப் பாடத்தில் வாராக்கடன் என்று ஒன்று உண்டு. வசூலாகாது என்று தெரிந்த பிறகும் வருடாவருடம் புத்தகத்தில் சுமந்துகொண்டிருந்தால் நஷ்டம் நமக்குத்தான். தள்ளுபடி செய்துவிட வேண்டும். படிக்கும்போது ஒரு வரி. செய்ய இரண்டு ஜனாதிபதிகளுக்கு ஆறு வருடம் ஆயிற்று. ஹியூஸின் ஆட்களுக்கு ஒரு ஹோட்டல் வராந்தாவைக் கடக்கக்கூட மனசு வரவில்லை.

உங்கள் புத்தகத்திலும் அப்படி ஒரு பெயர் இருந்தால், அவர் எங்கே தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று விசாரியுங்கள். லிஃப்ட்காரருக்குத் தெரிந்திருக்கலாம்.